சம்பந்திக்கு ஒரு கூரைப் பாலம்

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகள் ஆரணிக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். ஊரிலிருந்து அழைக்கிற சொந்தக்காரர் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். மாப்பிள்ளை பகுதி கோயம்புத்தூர்க்காரராயிற்றே, எப்படி ஒத்துப் போகிறது என்று. நல்லாப் போகுது என்று சொல்லிவிட்டு நான் கதையை மாற்றிவிடுகிறேன். உண்மையில் எங்களுக்குள் ஒத்துப் போனது ஒரு பழைய மரப் பாலத்தின் நடுவில். அதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது. எழுதினால்தான் முடியும்.

1

என் கணவர் சிவநேசனுக்கு இல்லை என்ற சொல் வாயில் வராது. விருந்தாளிக்கு முன்னால் அறவே வராது. நாங்கள் இருக்கிற சிட்னியில், பரமட்டாப் பக்கம் யாராவது அவரை மறித்து வழி கேட்டால், இடம் தெரியாவிட்டாலும் மனம் நோகாமல் ஏதோ ஒரு பக்கம் அனுப்பிவைப்பார். அவர் அனுப்பிவைத்தவர்கள் இன்றைக்கும் எங்கோ நடந்துகொண்டிருப்பார்கள் என்று ஆரணி சொல்லுவாள்.

அந்தக் குணம்தான் இந்தக் கதைக்கு வித்து.

கல்யாணத்துக்கு முன்பு, மாப்பிள்ளை கார்த்திக்கின் பெற்றோர் பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு முதல் முறை சாப்பிட வந்திருந்தார்கள். தகப்பன் சுந்தரம் கோயம்புத்தூரில் ஒரு நூல் ஆலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தாய் வசந்தா. ஒரே பிள்ளை இங்கே என்பதால், பெற்றோர் விசாவுக்கு வருடக் கணக்கில் காத்திருந்து, வந்த பின்பு நார்த்மீட்டில் மகனோடு இருந்தார்கள். ஆரணியும் கார்த்திக்கும் ஒரே கம்பனியில் வேலை. தாங்களே பார்த்து, தாங்களே முடிவெடுத்து, இரண்டு வீட்டுக்கும் வானிலை அறிக்கை மாதிரி அறிவித்திருந்தார்கள்.

நான் புட்டும் அதன்மேல் ஊற்றத் தேங்காய்ப்பால் சொதியும் வைத்திருந்தேன். சொதியை ஒரு வகை ரசம் என்று நினைத்த சுந்தரம், அதை டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு, அருமை என்றார். திருத்த மனம் வரவில்லை. சாப்பாடு முடிந்ததும் பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மௌனத்தை உடைக்கத்தான் வசந்தா அந்தக் கேள்வியைக் கேட்டார். அமெரிக்காவில் இருக்கும் அவருடைய தங்கை, கூரை போட்ட மரப் பாலங்களைப் பார்க்கப் போய்ப் படம் அனுப்பியிருக்கிறாராம். ஆற்றுக்குக் குறுக்கே ஒரு வீட்டை நீட்டி வைத்தது போல, சுவரும் ஓட்டுக்கூரையுமாய் இருக்கிறதாம். அதற்குள்ளே கார் போகிறதாம். இந்த ஊரில் அப்படி ஏதாவது இருக்குங்களா என்று கேட்டார்.

"ஓம், இருக்கு," என்றார் என் கணவர். "கொஞ்சம் தூரம்தான். நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

2

அவர்கள் போனதும் ஆரணி கேட்ட கேள்வி ஒரே ஒரு இங்கிலீசுச் சொல்தான், எங்கே என்று. "வேர், அப்பா?"

இவ்வளவு பெரிய கண்டத்தில் ஒன்றாவது இல்லாமலா போகும், தேடினால் கிடைக்கும் என்றார். ஒரு கிழமை முழுக்க, திங்கள் முதல் வெள்ளி வரை, வேலையால் வந்து கணினிக்கு முன்னால் இருந்து தேடினார். கூரை போட்ட சந்தை கிடைத்தது. கூரை போட்ட நீச்சல் குளம் கிடைத்தது. இரண்டு கடைத் தொகுதிகளை இணைக்கிற, கண்ணாடிக் கூரை போட்ட நடைபாதை ஒன்று கிடைத்தபோது, இதைக் காட்டினால் காணாதா என்று என்னிடம் கேட்டார். காணாது என்றேன்.

கடைசியில் கார்த்திக்தான் காப்பாற்றினான். பழைய பாலங்களைப் படம் பிடிப்பது அவனுடைய பொழுதுபோக்கு. அமெரிக்காவில் பனியிலும் மழையிலும் மரம் உக்கிப் போகாமலிருக்கக் கூரை போட்டார்கள், இங்கே கிடைத்த மரம் இரும்பு மாதிரி, அதனால் கூரை போடாமல் விட்டுவிட்டார்கள் என்று விளக்கினான். வடக்கே மேட்லண்டைத் தாண்டிப் போனால், குதிரை வண்டிக் காலத்து மரப் பாலங்கள் நாலைந்து ஆறுகளுக்கு மேலே இன்னும் நிற்கின்றனவாம். வெள்ளைச் சாயம் அடித்த பெரிய பெரிய மரச் சட்டங்களோடு பார்க்க அழகாயிருக்குமாம். ஒரு சனிக்கிழமை எல்லோருமாய்ப் போவோம் என்றான்.

கூரையை என்ன செய்வது என்று இவர் கேட்டார். இப்ப யோசிக்கவேண்டாம், அது அன்ரியிடம் பேந்து சமாளிக்கலாம் என்றாள் ஆரணி. வசந்தா எப்போது இவளுக்கு அன்ரியானார், அவரைச் சமாளிக்க இவள் எப்போது பழகினாள் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

3

பிள்ளைகள் தங்கள் சின்னக் காரில் முன்னால் போவதாயும் பெரியவர்கள் நாங்கள் நாலு பேரும் எங்கள் காரில் பின்னால் வருவதாயும் ஏற்பாடு. இது பாலம் பார்க்கிற பயணம் மட்டுமில்லை என்பது கார் ஹாக்ஸ்பரி ஆற்றைக் கடந்தபோதுதான் எனக்கு விளங்கியது. நாலு பேரையும் ஒரு பெட்டிக்குள் போட்டுப் பூட்டினால் ஏதாவது முடிவுக்கு வருவார்கள் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். முடிவாகாமல் இருந்தது ஒரே விஷயம். கல்யாணம் எங்கே?

சுந்தரத்துக்குக் கோயம்புத்தூர். சொந்தபந்தம் முழுக்க அங்கே. ஒரே மகன். கேட்காமலே எல்லோரும் வந்து நிற்பார்கள். எங்களுக்கு சிட்னி. எங்கள் சொந்தபந்தம் டொரண்டோ, லண்டன், பாரிஸ், மெல்பேர்ண் என்று சிதறிக் கிடக்கிறது. நாங்கள் இருக்கிற ஊரில் செய்தால்தான் எங்களுக்கு அது வீட்டுக் கல்யாணம். இரண்டு பக்கமும் நியாயம். அதனால்தான் தீரவில்லை.

முன் ஆசனத்தில் இரண்டு ஆண்களும் மிக மரியாதையாக அதைப் பேசத் தொடங்கினார்கள். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியபோது மரியாதை இன்னும் கூடிவிட்டது. மேட்லண்ட் தாண்டியதும் மரியாதை உச்சத்துக்குப் போய், இரண்டு பேரும் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்.

பின்னால் நானும் வசந்தாவும் முறுக்குத் தின்றுகொண்டிருந்தோம். வெளியே பச்சை மேடுகள், வேலிக்குள் மாடுகள், தனியாக நிற்கிற தகரக் கூரை வீடுகள். எங்கள் ஊரில் பாலம் என்றால் எனக்கு ஞாபகம் வருவது அடையாள அட்டைதான் என்று சொன்னேன். போர்க் காலத்தில் ஆமிக்காரர் பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, பை பையாகச் சோதித்து, நடத்தி அக்கரைக்கு அனுப்புவார்கள். பாலம் எப்படிக் கட்டியிருக்கிறது என்று அண்ணாந்து பார்த்த ஞாபகமே இல்லை. வசந்தா இன்னொரு முறுக்கை எடுத்து என் கையில் வைத்தார். பிறகு, தன் ஊரில் பாலம் இருக்கிறது, கீழே ஆறுதான் வருவதில்லை என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தோம். எனக்குக் கழுவறை தேவைப்பட்டது. "ஒருக்கா இறங்கிப் போகோணும்," என்றேன். வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கூர்லயும் போகோணும்னுதாங்க சொல்லுவோம்," என்றார். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரிப் பேசியிருக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் அவ்வளவு சந்தோசம். முன் ஆசனத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் பாலம் வந்தது. கார்த்திக் சொன்னது போலவே வெள்ளை மரச் சட்டங்கள் இரண்டு பக்கமும் முக்கோணம் முக்கோணமாக உயர்ந்து நின்றன. கார் ஏறியதும் பலகைகள் கடகடவென்று ஒலித்தன. இறங்கிப் படம் எடுத்தோம். வசந்தா அண்ணாந்து பார்த்துவிட்டு, கூரை அடுத்ததிலுங்களா என்று பணிவாகக் கேட்டார். ஓம், அடுத்ததிலை என்றார் இவர். இரண்டாவது பாலத்திலும் வசந்தா அண்ணாந்தார். வானம்தான் இருந்தது. இவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, இது சின்னப் பாலம், பெரிசிலைதான் கூரை என்றார். பிள்ளைகள் இரண்டும் வேறு திசையில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

4

மூன்றாவது பாலத்துக்கு மண் பாதையில் போகவேண்டியிருந்தது. முன்னால் போன பிள்ளைகளின் கார் தூசியில் மறைந்துவிட்டது. போனில் சிக்னல் இல்லை. வளைவில் திரும்பியதும் பாலம், ஒரு கார் மட்டுமே போகக்கூடிய அகலத்தில். எதிரே வருகிற வாகனத்துக்கு வழி விடவும் என்று பலகை இருந்தது. அதை நான் பார்த்தேன். வசந்தா பார்த்தார். சுந்தரமும் பார்த்ததாகப் பிறகு சொன்னார். ஓட்டியவர் மட்டும் கூரை இருக்கிறதா என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலத்தின் நடுவில், பின்புறம் திறந்த ஒரு பெரிய யூட் வண்டி எங்களுக்கு முகத்துக்கு முகம் வந்து நின்றது. அதன் பின்னால் ஒரு வண்டிப் பெட்டி. அதற்குள் குதிரை. ஓட்டி வந்தது தொப்பி போட்ட ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண். அவர் கோபிக்கவில்லை. ஜன்னலால் தலையை நீட்டி, குதிரையோடு தன்னால் பின்னுக்குப் போக முடியாது, நீங்கள் போய்விடுங்கள், அவசரமில்லை என்றார்.

பின்னுக்குப் போவது இவருக்குச் சாதாரண காலத்திலேயே கஷ்டம். அந்தக் கிழமை கழுத்துப் பிடிப்பு வேறு. தலையைத் திருப்ப முடியாது. பின் கமராவைப் பார்த்தால் திரை முழுக்கச் செம்மண். இரண்டு தரம் முயன்றார். இரண்டு தரமும் கார் கைப்பிடி மரத்தை நோக்கிச் சாய்ந்தது. கீழே ஆறு, உண்மையான தண்ணீரோடு ஓடியது. நீங்கள் எடுக்கிறீர்களா என்று இவர் சுந்தரத்தைக் கேட்டார். சுந்தரம், தான் நார்த்மீட்டில் மளிகைக் கடைக்குப் போய்வருவதோடு சரி, அதுவும் பின்பக்கமாக நிறுத்த வேண்டியிராத இடத்தில்தான் நிறுத்துவது வழக்கம் என்று ஒத்துக்கொண்டார்.

குதிரை கனைத்தது.

"நான் ஓட்டட்டுங்களா?" என்றார் வசந்தா.

அவர் கைப்பையைத் திறந்து, முறுக்குப் பொதியை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, அதற்குக் கீழே இருந்து இரண்டு மஞ்சள் அட்டைகளை வெளியே எடுத்தார். கறுப்பில் எல் என்று எழுதியிருந்தது. கார் பழகுகிறவர்கள் கட்டுகிற அட்டை. பட்டுச் சேலையோடு இறங்கிப் போய் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் ஒட்டினார். முழு லைசென்ஸ் உள்ள ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சட்டப்படி தப்பு என்று இவரை அடுத்த ஆசனத்துக்கு மாறச் சொன்னார். இவர் மாறினார்.

சுந்தரம் பாலத்தில் இறங்கி நின்று மனைவியைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது. முப்பது வருடத்துக்கு மேலாகக் கூட இருந்தவர் திடீரென்று சீன மொழியில் பேசினால் எப்படிப் பார்ப்போமோ, கிட்டத்தட்ட அப்படி.

நானும் அவரும் காருக்குப் பின்னால் நின்று வழி காட்டுவது என்று தீர்மானமாயிற்று. "பின்னாலை வடிவாப் பாருங்கோ," என்று சுந்தரத்திடம் சொன்னேன். கவனமாகப் பாருங்கள் என்று அர்த்தம். அவர் திரும்பி ஆற்றையும் மலையையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஆமாங்க, ரொம்ப வடிவுங்க என்றார். அவரை விட்டுவிட்டு நானே கையைக் காட்டத் தொடங்கினேன். கார் அசைந்தது. பலகைகள் கடகடத்தன. வசந்தா தோளுக்கு மேலால் முழுதாகத் திரும்பிப் பார்த்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, நூல் பிடித்தது போல நேராக வந்தார். நான் பின்னால் நடந்தபடி, "ஆறுதலா, ஆறுதலா," என்று சொல்லிக்கொண்டே போனேன். எங்களுக்கு அது மெதுவாக என்று பொருள்.

பாலம் முடிந்தது. கார் ஓரத்தில் ஒதுங்கியது. யூட் வண்டிக்காரப் பெண் எங்களைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்து, அந்த எல் அட்டையைப் பார்த்து, வசந்தாவுக்குத் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்துவிட்டுப் போனார்.

வசந்தா இறங்கினார். "எனக்கு எதுக்குங்க ஆறுதல் சொல்லிட்டே வந்தீங்க," என்று என்னிடம் கேட்டார். "நான் நல்லாத்தானே ஓட்டினேன்?"

5

பிள்ளைகள் எங்களைத் தேடித் திரும்பி வந்தபோது நாங்கள் ஆற்றங்கரையில் பாய் விரித்துப் புளிச்சாதம் தின்றுகொண்டிருந்தோம். காரில் ஒட்டியிருந்த அட்டையைக் கண்டதும் ஆரணியின் முகம் போன போக்கில் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதியைச் சுந்தரம் கேட்டார். யார் சொல்லிக் கொடுத்தது?

"ஆரணிதாங்க," என்றார் வசந்தா.

நாலு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமை காலையும். ஆரணி பிலாத்தீஸ் என்ற உடற்பயிற்சி வகுப்புக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டைவிட்டு வெளிக்கிடுகிற அதே சனிக்கிழமைக் காலை. வசந்தா கோயில் பஜனைக்கு என்று கணவரிடம் சொல்லியிருந்தார். இந்த வயதில் உனக்கெதுக்கு என்று கேட்பார், அதனால் சொல்லவில்லை என்றார். சுந்தரம், நான் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். கேட்டிருப்பார் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் புளிச்சாதத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இருபத்தைந்து வருடமாக ரயிலும் இவரும்தான். பெற்ற மகள் எனக்குச் சொல்லித் தராத ஒன்றை, இன்னும் மாமியாராகாத ஒருவருக்கு, என்னிடம் பொய் சொல்லிவிட்டுப் போய்ச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகுதான் பிள்ளை போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சனிக்கிழமை சனிக்கிழமையாகப் போயிருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து இவருக்கு ஞானம் பிறந்தது. ஒரு ரகசியம் வெளியே வந்த சூட்டில் தன்னுடையதையும் போட்டுவிடலாம் என்று எண்ணினாரோ என்னவோ. தொண்டையைச் செருமிக்கொண்டு, கூரை போட்ட பாலம் என்று இந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, மன்னிக்கவேணும் என்றார். அவர் வாயிலிருந்து இல்லை என்ற சொல் வந்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"தெரியுங்க," என்றார் வசந்தா. "உங்க வீட்ல சாப்பிட்டு வந்த அன்னைக்கே கார்த்தி சொல்லிட்டான்."

பிறகு ஏன் பாலத்துக்குப் பாலம் கேட்டீர்கள் என்றார் இவர். நீங்கள் அவ்வளவு ஆசையாகத் தேடிக்கொண்டிருந்தீர்கள், கேட்காமல் விட்டால் மனசு நொந்துபோவீர்கள் என்று நினைத்தேன் என்றார் வசந்தா. இல்லை என்று சொல்லத் தெரியாதவர் எங்கள் வீட்டில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவருக்குச் சரியான சோடி அகப்பட்டுவிட்டது.

சுந்தரம் இதெல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று மனைவியிடம், கல்யாணத்தை எங்கே வைக்கலாம், நீயே சொல்லு என்றார். காரில் மணிக்கணக்கில் பேசியும் பெண்கள் எங்கள் இரண்டு பேரையும் யாரும் அதைக் கேட்கவில்லை.

வசந்தா யோசிக்கவே இல்லை. "சிட்னியிலயே வெச்சுக்கலாங்க. வைகாசில எனக்கு டிரைவிங் டெஸ்ட் வருது. ஊருக்குப் போனா பழகினதெல்லாம் மறந்துரும்."

கோயம்புத்தூரில் ஒரு வரவேற்பு பிறகு வைப்பது என்று கார்த்திக் சொன்னான். சுந்தரம் தலையாட்டினார். என் கணவர் அவருக்கு இன்னொரு கரண்டி புளிச்சாதம் போட்டார். இப்படித்தான், ஐயா அம்மாமாரே, கல்யாண இடம் முடிவானது.

6

திரும்பி வரும்போது நான் பிள்ளைகளின் காரில் ஏறிக்கொண்டேன். கார்த்திக் ஓட்டினான். ஆரணி என்னோடு பின்னால் வந்து இருந்தாள். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஏன் சொல்லித் தரேல்லை?" என்று கேட்டேன்.

"யூ நெவர் ஆஸ்க்ட், அம்மா."

அன்ரி கேட்டார், நீங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான் என்றாள். கார் பற்றிப் பேச்சு வந்தால், அப்பா இருக்கிறார்தானே என்பீர்கள். உங்களுக்கு விருப்பமில்லை என்று நினைத்துவிட்டேன். குற்றம் சொல்லுகிற குரல் இல்லை அது. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. சரி, இப்ப கேட்கிறன் என்றேன். முன்னால் கார்த்திக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். ஆன்ட்டி, சனிக்கிழமை ஃபுல்லா புக்டு, ஞாயிறு பரவாயில்லையா என்றான்.

பழகுநர் எழுத்துப் பரீட்சைக்குப் போவதென்று வந்தபோது பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வேலை. இவருக்குக் கழுத்து. வசந்தாதான் தான் வருகிறேன் என்று நார்த்மீட்டிலிருந்து பஸ் ஏறி வந்தார். கேள்வி எல்லாம் கணினியில். முதல் முறை தோற்றேன். சந்தியில் இருக்கிற சுற்றுவட்டத்தில் யார் முதலில் போவது என்பது பற்றி என் அபிப்பிராயமும் அரசாங்கத்தின் அபிப்பிராயமும் வேறு வேறாயிருந்தன. அடுத்த கிழமை மறுபடி போனோம். இந்த முறை அரசாங்கத்தோடு ஒத்துப்போனேன்.

படம் எடுத்து, கையெழுத்து வாங்கி, கவுண்டரில் இருந்த பெண்பிள்ளை வாழ்த்துச் சொன்னாள். பக்கத்தில் நின்று என்னைவிட அதிகமாகச் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்த வசந்தாவைப் பார்த்து, உங்கள் சகோதரியா என்று கேட்டாள். இல்லை என்றேன். பின்னே யார் என்றாள். இங்கிலீசில் சம்பந்திக்கு என்ன சொல்? இத்தனை வருடத்தில் எனக்குத் தேவைப்படவே இல்லை. என் மகள் இவருடைய மகனைக் கட்டப்போகிறாள் என்றேன். ஓ, அப்படியானால் இவர் உங்களுக்கு என்ன முறை என்று திரும்பக் கேட்டாள். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"ஃபிரண்டுன்னு சொல்லிருங்க," என்றார் வசந்தா தமிழில். "அப்புறமா விளக்கிக்கலாம்."

ஃபிரண்ட் என்று சொன்னேன். வெளியே வந்து நின்றபோதுதான் நினைவு வந்தது. எங்களில் ஒருவர் பக்கத்தில் இருக்க மற்றவர் ஓட்ட முடியாது. இரண்டு பேருமே பழகுநர். ஓட்டக் காரும் இல்லை. வசந்தா ஆளுக்கொரு முறுக்கு எடுத்தார். இரண்டு பேரும் வெய்யிலில் பஸ்ஸுக்கு நின்றோம். பஸ் வந்தது. ஏறி, சாரதிக்கு நேர் பின்னால் இருந்த ஆசனத்தில் இருந்துகொண்டு, அவன் ஒவ்வொரு திருப்பத்திலும் செய்த பிழையை நார்த்மீட் வரைக்கும் தமிழில் சொல்லிக்கொண்டே போனோம்.